வாட்ச்சுக்கு உங்க கால் தெரியாது

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஸ்மார்ட்வாட்ச் பத்திதான். ஸ்டெப்ஸ் தப்பா காட்டுது, ஹார்ட் ரேட் தப்பா காட்டுது, நடக்காமலே நடந்தேன்னு சொல்லுதுன்னு ஆளாளுக்கு ஒரு குறை. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

பொண்ணு ஆசையா வாங்கிக் கொடுத்த வாட்ச். காலைல அஞ்சு மணிலேர்ந்து கால்ல சக்கரம் கட்டின மாதிரி ஓடறேன், மாட வீதி வரைக்கும் நடந்தே போய் காய் வாங்கிட்டு வரேன், ராத்திரி பார்த்தா 2,300 ஸ்டெப்ஸ்தான் காட்டுது. ஆபீஸுக்கு வண்டியில போய் உட்கார்ந்துட்டு வர்ற எங்க வீட்டுக்காரருக்கு 6,000 காட்டுது. வாட்ச் ரிப்பேரா?
— வாசகி, மந்தைவெளி

ரிப்பேர் இல்லம்மா. உங்க உழைப்புலயும் ஒரு குறையும் இல்ல. விஷயம் என்னன்னா அந்த வாட்ச்சுக்கு உங்க கால் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது உங்க மணிக்கட்டு மட்டும்தான். உள்ள ஆக்சிலரோமீட்டர்னு ஒரு குட்டி சென்சார் இருக்கு, கை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமா அசையுதுன்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும், நம்ம கை வீசி நடக்கும்போது ஒரு தாளம் வரும் இல்லையா, அந்தத் தாளத்தைப் பிடிச்சுத்தான் இது நடைன்னு முடிவு பண்ணி ஸ்டெப்ஸ் எண்ணுது. இப்போ நீங்க மார்க்கெட்லேர்ந்து திரும்பி வர்றதை யோசிச்சுப் பாருங்க, ரெண்டு கையிலயும் கனமான பை, கை தொங்கிட்டே வருது, வீச்சே இல்ல. அத்தனை தூரம் நடந்தும் வாட்ச் கணக்குல பாதி கூட ஏறியிருக்காது. சூப்பர் மார்க்கெட்ல டிராலி தள்ளினாலும் இதே கதைதான், பேரனை ஸ்டிராலர்ல வெச்சு தள்ளிட்டுப் போனாலும் இதே கதைதான்.

அடுத்தது சமையல்கட்டு. அடுப்புலேர்ந்து சிங்க்குக்கு மூணு எட்டு, சிங்க்லேர்ந்து ஃப்ரிட்ஜுக்கு நாலு எட்டு. சும்மா கை ஆட்டறதை எல்லாம் ஸ்டெப்னு எண்ணிடக் கூடாதுன்னு நிறைய வாட்ச்ல ஒரு ஏற்பாடு இருக்கு, தொடர்ச்சியா கொஞ்சம் எட்டு வெச்சா மட்டும்தான் எண்ண ஆரம்பிக்கும். அப்படி மூணும் நாலுமா நாள் முழுக்க நீங்க நடக்கறது எல்லாம் கணக்குலயே வராம போயிடுது. வீட்டு வேலை செய்யற பெண்களுக்கு இந்த வாட்ச் ரொம்ப அநியாயம் பண்ணுதுன்னு நான் மனசாரவே நினைக்கறேன், அதனால அந்த 2,300ஐ வெச்சு உங்களை நீங்க எடை போடாதீங்க, வேற யாரும் போடவும் விடாதீங்க. உங்க வீட்டுக்காரரோட 6,000 எங்கேர்ந்து வந்ததுன்னு அடுத்த கடிதத்துல சொல்லியிருக்கேன், அவர்கிட்ட படிச்சுக் காட்டுங்க.

இப்போ ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. அஞ்சு புளியங்கொட்டை எடுத்துக்குங்க. நடக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வாட்ச் நம்பரை ஒரு பேப்பர்ல குறிச்சுக்கிட்டு, கூட்டம் இல்லாத நேரான தெருவுல வாய்க்குள்ளயே எண்ணிக்கிட்டு நடங்க, ஒவ்வொரு 100க்கும் ஒரு கொட்டையை இந்தக் கையிலேர்ந்து சுருக்குப் பைக்கு மாத்துங்க. கையில கொட்டை தீர்ந்தா 500. இப்போ வாட்ச் பாருங்க. 475லேர்ந்து 525க்குள்ள கூடியிருந்தா வாட்ச் நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம். இதையே மூணு தடவை பண்ணணும், ஒரு தடவை வெறுங்கையா, ஒரு தடவை வாட்ச் கட்டின கையில பையோட, ஒரு தடவை பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு. நான் பண்ணிப் பார்த்தப்போ வெறுங்கைல 490க்கு மேல வந்துச்சு, ரெண்டாவது தடவை பை கனமா இருந்ததால 200ஐக் கூடத் தாண்டலை. தப்பு எங்க இருக்குன்னு யாரையும் கேக்காம நீங்களே கண்டுபிடிச்சுடலாம்.

அதுக்கப்புறம் செய்ய வேண்டியது சுலபம். பையை வாட்ச் இல்லாத கையில தூக்குங்க. வளையல் வாட்ச்சை இடிச்சுத் தள்ளிட்டே இருந்தா வாட்ச்சை அடுத்த கைக்கு மாத்திடுங்க. ஆப்ல எந்தக் கைல கட்டியிருக்கீங்கன்னு கேட்டிருக்கும், அது உண்மையோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஃபிட்பிட் மாதிரி சிலதுல நீங்க அதிகமா பொழங்கற கையா, பொழங்காத கையான்னு தனியா ஒரு செட்டிங் உண்டு, பொழங்கற கைன்னு போட்டா வாட்ச் கொஞ்சம் கறாராகி குறைச்சு எண்ணும். வீட்டு வேலை நேரத்துல ஸ்டெப்ஸ் மட்டும் தெரிஞ்சா போதும்னா, பெல்ட் நீளம் போதுமான வாட்ச்சா இருந்தா கொலுசு போடற எடத்துல கட்டிக்குங்க. கால் அசைஞ்சா அதுக்குத் தெரிஞ்சுடும். அந்த நேரத்துல ஹார்ட் ரேட்டை மட்டும் பார்க்காதீங்க, அது கால்ல சரியா வராது.

மருந்து கம்பெனி ரெப். தினமும் 70, 80 கிலோமீட்டர் பைக். டாக்டர் வெயிட் குறைக்கச் சொன்னதால வாட்ச் வாங்கினேன். நடக்கவே இல்லாத நாள்ல கூட 8,000, 9,000 வருது. சந்தோஷப்படறதா வருத்தப்படறதான்னு தெரியல.
— வாசகர், அம்பத்தூர்

சார், அந்த நம்பரை டாக்டர்கிட்ட காட்டிடாதீங்க, அவர் அதை நம்பி முடிவெடுத்தா உங்களுக்குத்தான் கஷ்டம். ஹேண்டில்பார்ல இருக்கற கைக்கு ரோட்டோட ஒவ்வொரு குலுக்கலும் வந்து சேருது. மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலைக்காகத் தோண்டின எடம், இரும்புத் தகடு போட்ட எடம், ஸ்பீடு பிரேக்கர், மழைக்கு அப்புறம் வர்ற பள்ளம்னு நம்ம ஊர்ல வண்டி ஓட்டறவங்க கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. அந்தக் குலுக்கல் ஒரே சீரா வந்தா வாட்ச் அதை நடைன்னு எடுத்துக்கும். ஷேர் ஆட்டோல கம்பியைப் பிடிச்சுட்டு வந்தாலும் சில சமயம் ஏறும்.

முதல்ல பெல்ட்டைப் பாருங்க. வாட்ச் தொளதொளன்னு இருந்தா ரோடு ஒரு குலுக்கு குலுக்கினா அது தனியா இன்னொரு குதி குதிக்கும், அதனால நழுவாத அளவுக்கு இறுக்குங்க. மேல சொன்ன கை செட்டிங்கை பொழங்கற கைன்னு மாத்திப் பாருங்க. சாப்ட்வேர் அப்டேட் வந்து கிடந்தா போட்டுடுங்க, ஸ்டெப் எண்ணற முறையையே கம்பெனிக்காரங்க அதுலதான் திருத்துவாங்க. இதெல்லாம் பண்ணியும் ஏறுதுன்னா ஒரு வாரம் மட்டும் சிரமம் பார்க்காம வண்டி எடுக்கும்போது நம்பரைக் குறிச்சு, நிறுத்தும்போதும் குறிச்சு, வித்தியாசத்தைக் கழிங்க. ஏழு நாள்ல உங்க வண்டியோட பங்கு எவ்வளவுன்னு ஒரு அளவு கிடைச்சுடும். அதை விட நல்ல வழி ஒண்ணு இருக்கு. ஸ்டெப்ஸை விட்டுடுங்க, சாயந்தரம் வாக்கிங் கிளம்பும்போது வாட்ச்ல வாக் மோடு ஆன் பண்ணி எத்தனை நிமிஷம் நடந்தீங்கங்கறதை மட்டும் எழுதி வெச்சு அதை டாக்டர்கிட்ட காட்டுங்க. அது வண்டில போகும்போது ஏறாது.

வயசு 34. பெசன்ட் நகர் பீச்ல தினமும் ஓடறேன். ஆரம்பிச்ச ரெண்டே நிமிஷத்துல ஹார்ட் ரேட் 175 காட்டுது, ஆனா எனக்கு மூச்சே வாங்கல, பேசிக்கிட்டே ஓடறேன். தூரமும் தப்பு, கூட ஓடறவனுக்கு 5 கிலோமீட்டர்னா எனக்கு 5.4. வாட்ச் விலை கூடுதல்தான்.
— வாசகர், அடையாறு

தம்பி, நீங்க சொன்ன அடையாளம் அத்தனையும் ஒரு விஷயத்தைத்தான் காட்டுது. வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தா பச்சை லைட் எரியும். ரத்தம் பச்சை வெளிச்சத்தை நல்லா உறிஞ்சிக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டுல ரத்தம் கூடிக் குறையறப்போ திரும்பி வர்ற வெளிச்சமும் மாறும், அந்த மாற்றத்தை எண்ணித்தான் துடிப்பு சொல்லுது. ரொம்ப மெல்லிசான மாற்றம் அது. ஓடும்போது கை ஆடற ஆட்டத்துல வாட்ச்சும் தோலும் உரசி அதே மாதிரி இன்னொரு தாளம் உண்டாகும், வாட்ச் துடிப்பை விட்டுட்டு உங்க காலடித் தாளத்தைப் பிடிச்சுக்கும். ஓடறவங்க நிமிஷத்துக்கு 160லேர்ந்து 180 அடி வைக்கறது சகஜம். உங்க 175 அங்கேர்ந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தோராயக் கணக்குல 220லேர்ந்து வயசைக் கழிச்சா அதிகபட்சத் துடிப்பு, உங்களுக்கு 186, நிஜமாவே 175ல ஓடினா உங்களால ஒரு வாக்கியம் முழுசா பேச முடியாது.

உறுதி பண்ணிக்க, 175 காட்டும்போதே சட்டுன்னு நின்னு கழுத்துல தாடைக்குக் கீழ ரெண்டு விரல் வெச்சு 15 வினாடி எண்ணி 4ஆல பெருக்குங்க. 33 வந்தா 132. அப்போ வாட்ச்தான் தப்பு. கையால எண்ணியும் 175 கிட்ட வந்தா, இல்ல மயக்கம், நெஞ்சுல பாரம்னு எதாவது கூட இருந்தா, அது வாட்ச் பிரச்சினை இல்ல, ஓட்டத்தை அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

வாட்ச்தான் தப்புன்னா சரி பண்ற வழி இருக்கு. மணிக்கட்டு எலும்பு மேலயே கட்டாம ரெண்டு விரல் அகலம் மேல ஏத்திக் கட்டுங்க, ஓடற நேரத்துக்கு மட்டும் ஒரு துளை இறுக்கி, முடிஞ்சதும் தளர்த்திடுங்க. நம்ம ஊர் வியர்வைக்கு ஒரே பெல்ட்டை இறுக்கமாவே விட்டா தோல் புண்ணாயிடும். பீச்ல ஓடறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும், ஓடி முடிச்சு அரை மணி நேரம் கழிச்சு வாட்ச்சைக் கழட்டிப் பாருங்க, அந்தக் கண்ணாடி வட்டத்தைச் சுத்தி வெள்ளையா ஒரு படலம் ஒட்டியிருக்கும். வியர்வை உப்பும் சன்ஸ்கிரீனும் காஞ்சு போனது. நகத்தால சுரண்டாதீங்க, ஈரத் துணியால துடைச்சா போதும். மணிக்கட்டுல அடர்த்தியா பச்சை குத்தியிருந்தாலும் வெளிச்சம் உள்ள போகாது, அடுத்த கைக்கு மாத்திக்கணும். இதுக்கும் மேல துல்லியம் வேணும்னா நெஞ்சுல கட்டற ஸ்ட்ராப் வாங்குங்க, அது வெளிச்சத்தை நம்பாம இதயத்தோட மின் துடிப்பையே எடுக்குது, கை ஆட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

தூரம் பத்தி. வாட்ச்ல ஸ்டார்ட் அமுக்கின உடனே ஓடிடறீங்களா? ஜிபிஎஸ் சேட்டிலைட்டைப் பிடிக்க கொஞ்ச நேரம் எடுக்கும், அது தயார்னு காட்டற வரைக்கும் நின்னு வார்ம் அப் பண்ணுங்க. மணல் பக்கம் வானம் திறந்து கிடக்கு, பிரச்சினை இல்ல. அவென்யூக்குள்ள நுழைஞ்சா ரெண்டு பக்கமும் மரம், அபார்ட்மென்ட், சிக்னல் சுவத்துல பட்டுத் தெறிச்சு வரும், மேப்ல பார்த்தா நீங்க யாரோ வீட்டுக்குள்ள புகுந்து வெளில வந்த மாதிரி கோடு வளைஞ்சு வளைஞ்சு இருக்கும், அந்த வளைவு எல்லாம் சேர்ந்துதான் கூடுதல் 400 மீட்டர். அண்ணா சாலை, தி.நகர் பக்கம் இன்னும் மோசம். தனியா ஜிபிஎஸ் இல்லாத வாட்ச்சா இருந்தா அது போனோட ஜிபிஎஸ்ஸைத்தான் கடன் வாங்குது, போன் பேட்டரி சேவர்ல இருந்தா பாதி வழில விட்டுடும். ஆப்பிள் வாட்ச்னா திறந்த, சமதளமான எடத்துல அவுட்டோர் வாக் போட்டு ஒரு 20 நிமிஷம் உங்க வழக்கமான வேகத்துல நடந்தா உங்க எட்டு நீளத்தைக் கத்துக்கும். சரி பார்க்க எல்லாத்தையும் விட நம்பகமானது 400 மீட்டர் டிராக், உள் வரிசைல அஞ்சு சுத்து போனா 2 கிலோமீட்டர், அதோட ஒப்பிட்டுக்குங்க.

வாட்ச்ல 5,900. போன்ல 7,200. ஆப்ல 13,100. தலையும் புரியல வாலும் புரியல.
— வாசகி, வேளச்சேரி

5,900ஐயும் 7,200ஐயும் கூட்டிப் பாருங்க. ஒரே நடையை போன் ஒரு தடவை, வாட்ச் ஒரு தடவை அனுப்பியிருக்கு, ஆப் ரெண்டையும் சேர்த்துடுச்சு. ஆப் செட்டிங்ஸ்ல டேட்டா எங்கேர்ந்து வரணும்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல வாட்ச்சை மட்டும் வெச்சுட்டு போனை எடுத்துடுங்க. போன்ல ஏன் கூடுதலான்னா, நீங்க வாட்ச்சை சார்ஜ்ல போட்டுட்டு நடந்த நேரம் போன் பையில இருந்திருக்கும்.

கொட்டிவாக்கத்துல பீச் ஓரம் தரைத் தளத்துல குடியிருக்கேன். அன்னைக்கு மாடியே ஏறல, வாட்ச் 14 மாடி ஏறினதா சொல்லுது.
— வாசகர், கொட்டிவாக்கம்

காத்துதான் காரணம். வாட்ச்சுக்குள்ள காத்தழுத்தம் பார்க்கற பாரோமீட்டர் இருக்கு, சுமார் 3 மீட்டர் உயரத்துக்கு ஏத்த மாதிரி அழுத்தம் குறைஞ்சு கூடவே நடையும் இருந்தா ஒரு மாடின்னு எழுதிக்கும். கடல் காத்து பலமா அடிக்கற நேரத்துல, புயல் சின்னம் இருக்கற நாள்ல, நீங்க பீச்ல நடந்தா அதுக்குக் குழப்பம் வந்துடும். குளிச்ச பிறகு அந்தச் சின்னத் துளைல தண்ணி நின்னாலும் இப்படி ஆகும், நல்லா உதறிக் காய வைங்க.

வாட்ச் ஒரு மணி நேர வாக்குக்கு 480 கலோரி எரிஞ்சதா சொல்லுது. அதை நம்பி சாப்பாட்டைக் கூட்டிக்கலாமா?
— வாசகி, தி.நகர்

வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல 2017ல 60 பேரை வெச்சு ஏழு வாட்ச்சுகளைச் சோதிச்சாங்க, ஹார்ட் ரேட் ஏழுல ஆறு வாட்ச்ல 5 சதவீதத்துக்குள்ள சரியா வந்துச்சு, ஆனா கலோரில இருக்கறதுலயே நல்ல வாட்ச்சே 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். வாட்ச்கள் அதுக்கப்புறம் மாறியிருக்கு, ஆனாலும் கலோரிங்கறது இன்னைக்கும் உயரம், எடை, வயசு, துடிப்பை வெச்சுப் போடற ஒரு ஊகக் கணக்குதான். எதுக்கும் ஆப்ல உங்க எடை சரியா இருக்கான்னு பாருங்க, கிலோவுக்குப் பதிலா பவுண்டுல போட்டிருக்கறதையும், ஆரம்பத்துல வந்த எடையை அப்படியே விட்டிருக்கறதையும் நான் நிறைய பேர்கிட்ட பார்த்திருக்கேன்.

வயசு 68. வாட்ச்ல 10,000 வரலன்னா எனக்குத் தூக்கம் வர்றதில்ல. டவர் பார்க்ல காலைல ஒரு மணி நேரம் நடந்தும் 6,000தான் வருது, மிச்சத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு ஹால்ல சுத்தறேன். முட்டி வலிக்குது.
— வாசகி, அண்ணா நகர்

அம்மா, இன்னைக்கு ராத்திரியே அந்தச் சுத்தறதை நிறுத்துங்க. 10,000ங்கறது எந்த டாக்டரும் உங்க உடம்பைப் பார்த்து எழுதிக் கொடுத்த நம்பர் இல்ல. 1964ல டோக்கியோல ஒலிம்பிக்ஸ் நடந்துச்சு, அந்தச் சூட்டுல 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி இடுப்புல மாட்டற நடை மீட்டரை வித்தாங்க, அதுக்கு வெச்ச பேரு மன்போ-கெய், பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். விக்கறதுக்கு வெச்ச பேரு, வாட்ச் வாட்ச்சா மாறி உங்க ஹால் வரைக்கும் வந்துடுச்சு. உங்களுக்குப் பொருத்தமான ஆராய்ச்சி 2019ல வந்திருக்கு, சராசரி வயசு 72 இருக்கற 16,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தாங்க, ஒரு நாளைக்கு சுமார் 2,700 அடி நடந்தவங்களை விட 4,400 நடந்தவங்க நல்லா இருந்தாங்க, 7,500 வரைக்கும் பலன் கூடிச்சு, அதுக்கு மேல பெருசா கூடல. உங்க 6,000 ரொம்ப நல்ல நடைம்மா. ஆப்ல கோல்னு இருக்கற எடத்துல 6,000ன்னு மாத்திடுங்க, பேத்தியைக் கூப்பிட்டா ஒரு நிமிஷத்துல மாத்திக் கொடுப்பா. முட்டி வலிக்கு டாக்டரைப் பார்த்துட்டு அவர் சொல்றதை வெச்சு ஏத்தறதா இறக்கறதான்னு பார்த்துக்கலாம்.

அப்பாவுக்கு 20 வருஷமா சுகர், இன்சுலின் போடறார். ஊசி குத்தாம சுகர் பார்க்கற வாட்ச்னு ஆன்லைன்ல பார்த்து ஆசையா வாங்கினேன். வாட்ச்ல 118, லேப்ல 240. எந்த செட்டிங்கை மாத்தணும்?
— வாசகர், பெரம்பூர்

எந்த செட்டிங்கும் மாத்தாதீங்க, அதை அப்பா கையிலேர்ந்து கழட்டிடுங்க. மத்த கேள்விகளுக்கு எல்லாம் பெல்ட்டை இறுக்குங்க, துடைங்கன்னு சொன்னேன், இதுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். தோல்ல குத்தாம தானாவே ரத்தச் சர்க்கரையை அளக்கற எந்த ஸ்மார்ட்வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்க அனுமதி கொடுக்கலன்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரி 21ஆம் தேதி எச்சரிக்கை விட்டாங்க. ஸ்டெப்ஸ் 500 தப்பா போனா ஒண்ணும் ஆகாது. ஆனா இங்க வாட்ச் கூடுதலா காட்டி அதை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டா சர்க்கரை இறங்கி மயக்கம், சில மணி நேரத்துல உயிருக்கே ஆபத்து. குறைச்சுக் காட்டினா, உங்க அப்பாவுக்கு ஆன மாதிரி, 240 இருக்கறது தெரியாமலே நாள் ஓடிடும்.

ஒரு குழப்பம் வேண்டாம், சிஜிஎம்னு புஜத்துல ஒட்டற சென்சார் வேற. அதுல மெல்லிசா ஒரு இழை தோலுக்குள்ள போய் அளக்குது, வாட்ச் அந்த அளவை வாங்கிக் காட்டறதோட சரி. டாக்டர் சொன்னா அதை வாங்கலாம்.

ரிட்டர்ன் தேதி இருந்தா வாட்ச்சைத் திருப்பிக் கொடுங்க, இல்லன்னா அந்த சுகர் பக்கத்தை மறைச்சு வெச்சுட்டு மணி பார்க்க மட்டும் வெச்சுக்கட்டும். அப்பா இத்தனை நாள்ல வாட்ச் நம்பரைப் பார்த்து இன்சுலின் அளவை மாத்தினாரான்னு இன்னைக்கே கேளுங்க, மாத்தியிருந்தா எந்த நாள், எத்தனை யூனிட்டுன்னு ஒரு பேப்பர்ல எழுதி, அந்த லேப் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலைலயே அவரோட டாக்டரைப் பாருங்க. பழைய குளுக்கோமீட்டரை அலமாரியிலேர்ந்து எடுத்து, ஸ்ட்ரிப் டப்பாவுல காலாவதி தேதியையும் ஒரு தடவை பார்த்துடுங்க.